கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத இடத்தில் ஆர்வி: பேட்டரி கேள்வி பதில்

அமெரிக்காவின் அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊரை ஒட்டிய பிஎல்எம் (மத்திய அரசின் நில நிர்வாகத் துறை) நிலத்தில், 180 டாலர் பெர்மிட் எடுத்தால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஆர்வியை (படுக்கை, சமையலறையோடு உள்ளேயே தங்கும் வண்டி) நிறுத்தித் தங்கலாம். ஆனால் அங்கே கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் எல்லாம் வண்டியின் ஹவுஸ் பேட்டரியை, அதாவது தங்கும் பகுதிக்கான பேட்டரியை நம்பித்தான். இந்தக் குளிர்காலத்துக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

கேள்வி: புதுசா டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கோம். எத்தனை ஏ.ஹெச். பேட்டரி போடணும்?

ஏ.ஹெச். என்பது ஆம்பியர்-மணி, இழுக்கும் ஆம்பியரை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வருவது. முதலில் ஒரு நாள் செலவைக் கூட்டுங்கள். கேஸ் ஃபர்னஸில் எரிவது கேஸ்தான் என்றாலும், அதன் ஃபேன் 7 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். குளிர் ராத்திரியில் விட்டு விட்டு மொத்தம் 5 மணி நேரம் ஓடினாலே 40 ஏ.ஹெச். போய்விடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு நாளுக்கு 40 முதல் 60. கேஸில் ஓடும் பழைய மாடல் ஃபிரிட்ஜ் என்றால் இந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம். எல்இடி விளக்கு, பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 15 வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் 100 பக்கம் வருகிறது. மேகமூட்டமான ஒரு நாளையும் தாங்க வேண்டுமென்றால், உண்மையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அளவு 200 ஏ.ஹெச். இருக்கட்டும்.

அடுத்தது, செலவான 100-ஐ மறுநாள் எதை வைத்துத் திருப்பி ஏற்றப் போகிறீர்கள்? இதை முடிவு செய்யாமல் எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும், இரண்டாம் நாள் அணைய வேண்டிய விளக்கு நான்காம் நாள் அணையும், அவ்வளவுதான்.

கேள்வி: லெட் ஆசிடா, லித்தியமா? விலை வித்தியாசம் யோசிக்க வைக்குது சார்.

வார இறுதியில் மட்டும் போய், வீட்டுக்கு வந்து பிளக்கில் போட்டுவிடுவீர்கள் என்றால் 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டை சீரிஸில் போடுங்கள். 12 வோல்ட், சுமார் 220 ஏ.ஹெச். கிடைக்கும். அதில் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால் பல வருஷம் உழைக்கும்.

வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு நான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் சொல்வேன். 100 ஏ.ஹெச். பேட்டரி 12 கிலோ பக்கம்தான் எடை. அதில் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். ஆனால் நான் அதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் எடை இல்லை, சார்ஜ் ஏறும் வேகம். அடுத்த கேள்வியில் விளங்கும்.

கேள்வி: தினமும் காலையில ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டுறேன். மீட்டர்ல 13-க்கு மேல காட்டுது. ஆனா ரெண்டாவது வாரத்துல சாயங்காலமே விளக்கு மங்குது. கோல்ஃப் கார்ட் பேட்டரிதான். பேட்டரி போச்சா?

இன்னும் போயிருக்காது. தினமும் அரை வயிற்றோடு கிடக்கிறது.

லெட் ஆசிட் பேட்டரி 80% வரை மளமளவென்று ஏறும். அதற்கு மேல், நிறைய நிறைய, உள்ளே போகும் ஆம்பியர் குறைந்துகொண்டே வரும். கடைசி 20%-க்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வைத்திருந்தாலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. நீங்கள் தினமும் அங்கேதான் நிறுத்துகிறீர்கள். நிறையாமல் கிடக்கும் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு, பேட்டரியின் கொள்ளளவு நாளுக்கு நாள் சுருங்குகிறது.

மீட்டரை நம்பியதும் ஒரு காரணம். சார்ஜ் ஏறும்போதும், ஏறி முடித்த கையோடும் காட்டுகிற வோல்ட்டுக்கு அர்த்தமில்லை. லோடு, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். 12.7 இருந்தால் முழுசு. 12.2 என்றால் பாதி.

இன்னொன்றும் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலிலேயே வையுங்கள். கன்வெர்ட்டர் (ஜெனரேட்டர் கரண்டை மாற்றி பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி) பக்கம் அளந்தால், ஒயரில் குறைந்துபோகும் வோல்ட் தெரியாது. எவ்வளவு நேரமானாலும் 13.6-ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் கன்வெர்ட்டர் பழைய ரகம், 14.4-க்கு மேல் கொண்டுபோகிற மூன்று படியாக ஏற்றும் சார்ஜர் மாற்றியே ஆகவேண்டும். அதோடு விடிந்ததும் ஜெனரேட்டர், பிறகு நாள் முழுக்க சோலார் என்று வையுங்கள். நிதானமாக ஏற வேண்டிய கடைசிப் பங்கை வெயில் பார்த்துக்கொள்ளும். ஊர் இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரியேதான், டிஸ்டில்ட் வாட்டர் அளவையும் பாருங்கள். ஊற்றுவது முழு சார்ஜுக்குப் பிறகு.

லித்தியத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்த ஆம்பியரை அப்படியே வாங்கும். அரைகுறையாக நின்றாலும் கெடாது.

கேள்வி: அப்போ பழசைக் கழற்றிட்டு லித்தியத்தை அப்படியே மாட்டிடலாமா?

கூடாது. சார்ஜரில் லித்தியம் செட்டிங் வேண்டும், 14.2 முதல் 14.6 வோல்ட். மோட்டார்ஹோம் (சொந்த இன்ஜின் உள்ள ஆர்வி) என்றால் ஆல்டர்னேட்டரோடு, அதாவது இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவியோடு நேராகச் சேர்க்காதீர்கள். லித்தியம் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். அந்த இழுப்பைக் கட்டுப்படுத்த நடுவே 30, 40 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் போடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கிளாஸ் T ஃப்யூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும், சாதாரண ஃப்யூஸ் அதை அறுக்காது. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், உள்ளே குடும்பம் தூங்குகிறது.

ஃப்ளாக்ஸ்டாஃப் மாதிரி மலை ஊர்ப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் பேட்டரியை வண்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: கூரையில 400 வாட் சோலார் இருக்கு. டிசம்பர்ல பாதிகூட வரலையே அண்ணா?

வராது. டிசம்பர் கடைசியில் குவார்ட்ஸைட்டில் உச்சி வேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். மட்டமாகக் கிடக்கிற பேனலில், நேராக விழுவதில் பாதிக்குச் சற்று மேல்தான் விழும். ஒரு நாளைக்கு 60, 70 ஏ.ஹெச். கிடைத்தால் நல்லது. பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்கிற ஸ்டாண்ட் வாங்குங்கள், நன்றாகவே கூடும். கூரை ஏசியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால்கூட வருவது வெகுவாகக் குறையும், அதையும் ஏறிப் பாருங்கள்.

கேள்வி: ரைஸ் குக்கர், மிக்ஸி, ஏசி எல்லாம் ஓட்ட முடியுமா?

மிக்ஸி தாராளமாக. 750 வாட் என்றாலும் சட்னிக்கு ஓடுவது சில நிமிஷம்தான். ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் 30 ஏ.ஹெச். தின்னும், கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வையுங்கள். 13,500 பிடியூ ஏசி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 130 ஆம்பியர் பக்கம் இழுக்கும். 200 ஏ.ஹெச். லித்தியம் ஒன்றரை மணி நேரத்தில் காலி. ஏசிக்கு ஜெனரேட்டர்தான்.

கேள்வி: சீசன் முடிஞ்சு வண்டியை நிறுத்தும்போது?

லெட் ஆசிட் என்றால் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கேஸ் லீக் டிடெக்டர் ஒன்றே சில வாரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். காலியான லெட் ஆசிட் கடுங்குளிரில் உறைந்து விரிசல் விடும். லித்தியம் என்றால் பாதி சார்ஜில் கழற்றி வைத்தால் போதும்.