நாற்பது நிமிட வகுப்பும் மூன்று நிமிடப் பாடமும்
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். நாற்பது நிமிட வகுப்பை முழுதாகக் காணொளியாக்கிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் முதல் சில நிமிடங்களைத் தாண்டுவதில்லை. குறை என்னிடமா, அவர்களிடமா?
– ஓர் ஆசிரியை, மணப்பாறை

பதில்: இருவரிடமும் இல்லை. வகுப்பறையில் உருவான ஒன்றை அப்படியே கைபேசிக்குள் வைத்ததுதான் குறை. வகுப்பில் நீங்கள் இடையிடையே கேள்வி கேட்கிறீர்கள், புரியாமல் விழிக்கும் பிள்ளையைக் கண்டதும் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறீர்கள். காணொளியில் இவையெல்லாம் உதிர்ந்து பேச்சு மட்டுமே மிஞ்சுகிறது. எடெக்ஸ் என்ற தளத்தின் இணையவழிப் பாடங்களில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்குள் முடியும் காணொளிகளே கவனத்தை அதிகம் பிடித்து வைக்கின்றன என்று கண்டது. விரும்பிச் சேர்ந்து படிப்பவர்களுக்கே அதுதான் நிலை என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாற்பது நிமிடத்தை ஏழு துண்டாக நறுக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு கருத்தைச் சொல்லி, பிள்ளை செய்ய ஒரு வேலையைக் கொடுத்து நிற்க வேண்டும். அந்த வேலையும் வீட்டின் நிலைமைக்குப் பொருந்த வேண்டும். கைபேசி அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும் என்றால், மூன்றாம் பிறை நாளில் தொடங்கி ஒரு வாரம் தினமும் மாலையில் ஒரே இடத்தில் நின்று நிலவைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பறையால் தர முடியாத பாடம் அது. கைபேசி வீட்டுக்கு வரும் நேரமே அதற்கு உரிய நேரமாகிவிடுகிறது.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்தில் பல வீடுகளில் பட்டன் போன்தான் இருக்கிறது, இணையம் இல்லை. இவர்களுக்குக் கைபேசி வழியாகக் கற்பிக்க வழி உண்டா?
– ஒரு தன்னார்வலர், சேலம் மாவட்டம்

பதில்: உண்டு. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் புதுமையே பட்டன் போனில் நடந்ததுதான். வங்கதேசத்தில் 2009 நவம்பரில் ‘பிபிசி ஜானாலா’ என்ற ஆங்கிலம் கற்பிக்கும் சேவை தொடங்கியது. 3000 என்ற எண்ணை அழைத்தால் மூன்று நிமிட ஒலிப்பாடம் ஒன்றைக் கேட்க முடிந்தது. (ஜானாலா என்றால் வங்காளத்தில் ஜன்னல், போர்த்துகீசியர் நமக்கும் அவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போன சொற்களில் ஒன்று.) அழைப்புக்குக் காசு செலவாகும் என்பதால் கேட்பவர் தயங்குவார் என்பதை உணர்ந்து, கைபேசி நிறுவனங்களுடன் பேசிக் கட்டணத்தைக் குறைக்க வைத்தார்கள். பாடத்தின் நீளமும் விலையும் கற்பவரின் சட்டைப்பையை அறிந்து தீர்மானிக்கப்பட்டன. வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 4,500 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்கு வாரந்தோறும் எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் சென்றன; வேறு சில வீடுகளுக்கு அவற்றோடு தொலைபேசி அழைப்பும் சென்றது. பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து, ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, அந்தக் கணக்கை மறுமுனையில் இருந்தவர் சேர்ந்து போட வைத்தார். அழைப்பு வந்த வீட்டுப் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக முன்னேறியது. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால், ஒருவருக்கு ஐந்து வீடு என்று பிரித்துக்கொண்டு வாரம் ஒரு நாள் அழையுங்கள். நீங்களே விளக்கி முடித்துவிடாமல், பிள்ளை எப்படிக் கணக்குப் போட்டது என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காகத் தமிழ்ச் சொற்களைக் கற்பிக்கும் செயலி ஒன்றை உருவாக்குகிறோம். புள்ளிகள், பதக்கங்கள் வைக்கலாமா?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வைக்கலாம், ஆனால் உழைப்பை அதில் கரைக்காதீர்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பத்தியைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே எந்தச் சொல்லை எத்தனை நாள் கழித்து மறுபடி கேட்பது என்பதில் உங்கள் திறமையைக் காட்டுங்கள். அறிவிப்பு அனுப்பும்போதும் ‘இன்று நீங்கள் வரவில்லையே’ என்று கடிந்துகொள்ளாமல், போன வாரம் கற்ற சொல் ஒன்றின் பொருளை அந்த அறிவிப்பிலேயே கேட்டுவிடுங்கள்.