ஒரு சாண் செய்தி, ஒரு விரக்கடை வருத்தம்

வணக்கம் சார்,

போன வாரம் ராக்கெட் ரகசியத்தை வித்தார்னு 94ல பொய் கேஸ்ல மாட்டின இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தீங்க, அதுக்கப்புறம் அந்த கேஸைத் தேடித் தேடிப் படிச்சேன். 94ல நான் பொறக்கவே இல்ல. சுப்ரீம் கோர்ட் 50 லட்சம் குடுக்கச் சொல்லியிருக்கு, பொய் கேஸ் போட்ட போலீஸ் அதிகாரிங்களை சிபிஐ விசாரிச்சிருக்கு, எல்லாம் சரி. ஆனா அவரை நாள் தவறாம துரோகின்னு எழுதின பத்திரிகைக்காரங்களுக்கு என்ன ஆச்சுன்னு தேடினா ஒண்ணுமே கிடைக்கல. டாக்டர் தப்பு பண்ணா ரெஜிஸ்ட்ரேஷனைப் பிடுங்கறாங்க, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு. பொய் நியூஸ் போடறவனைப் பிடிச்சு உள்ள வைக்க ஒரு சட்டம் ஏன் சார் இல்ல? நீங்களும் நிருபரா இருந்தவர்தானே, அதனால கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பொய்யா எழுதினது உண்டா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

தப்பா நினைக்க என்ன இருக்கு. கடைசிக் கேள்விக்கு கடைசில வரேன்.

94 டிசம்பர்ல நான் காலேஜ் படிச்சுட்டு இருந்தேன். கேரளா பார்டர்ல இருக்கற களியக்காவிளைல பஸ் மாறணும், அங்க ஒரு டீக்கடை பெஞ்சுல தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும். மலையாளம் படிக்கத் தெரிஞ்ச லாரி டிரைவர் ஒருத்தர் சத்தமா வாசிச்சு வாசிச்சு தமிழ்ல சொல்லுவாரு. ராக்கெட் ரகசியம்லாம் தொட்டுக்க ஊறுகா மாதிரிதான், சோறு பூரா அந்த கேஸ்ல மாட்டின ரெண்டு மாலத்தீவுப் பொண்ணுங்க எங்க தங்கினாங்க, யாரைப் பாத்தாங்க, என்ன டிரஸ் போட்டாங்க, இதுதான். நாங்க பஸ்ஸை விட்டுட்டு கேட்டுட்டு நின்னிருக்கோம். நம்பி நாராயணன் எங்க நாகர்கோவில்காரர், அது தெரிஞ்சும் அந்த பெஞ்சுல ஒருத்தர் "அப்படி இருக்காதுப்பா"ன்னு சொல்லி நான் கேக்கல. நானும் சொல்லல.

இப்ப யோசிச்சா, அன்னிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தரான மரியம் ரஷீதாவை அக்டோபர் 20ல பிடிச்சது விசா முடிஞ்சும் தங்கியிருக்காங்கன்னு, சாதாரண கேஸ். ஆறே வாரத்துல அது கிரையோஜெனிக்னு சொல்ற ராக்கெட் இன்ஜின் டெக்னாலஜியை பாகிஸ்தானுக்கு வித்த கதையா வளந்து நவம்பர் 30ல நம்பி நாராயணனைக் கைது பண்ணி 50 நாள் உள்ள வச்சுட்டாங்க. சரி, அந்த டெக்னாலஜி அப்ப நம்மகிட்ட இருந்துச்சா? இல்லவே இல்ல. 91ல ரஷ்யாவோட கிளாவ்காஸ்மோஸ் நிறுவனத்துகூட ஒப்பந்தம் போட்டோம், அமெரிக்கா நெருக்கினதுல 93ல டெக்னாலஜி தரமாட்டோம், வேணும்னா ரெடிமேட் இன்ஜின் தரோம்னு அவங்க கையை விரிச்சுட்டாங்க, நாமளா செஞ்ச கிரையோஜெனிக் இன்ஜினோட ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஒழுங்கா மேல போனது 2014 ஜனவரில. வீட்ல இல்லாத பசுமாட்டை சந்தைல வித்துட்டான்னு புகார், அதுக்கு தினம் ஒரு லீட் ஸ்டோரி. ரஷ்யா கையை விரிச்ச நியூஸும் ஒரு வருஷம் முன்னாடி அதே பேப்பர்கள்ல வந்ததுதான். அந்தக் கட்டிங்கை எடுத்துப் பாக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

எப்படி எழுத முடிஞ்சுதுன்னா, எங்க தொழில்ல ஒரு இலக்கணம் இருக்கு. "கூறப்படுகிறது", "தெரிகிறது", "போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன". இந்த வாக்கியத்துக்கெல்லாம் எழுவாயே கிடையாது பாருங்க, யார் கூறினது, யாருக்குத் தெரிஞ்சுது? ஒண்ணும் இருக்காது. போலீஸ் அவுத்து விடும், நிருபர் எழுதுவான், அடுத்த நாள் போலீஸ் அந்தப் பேப்பரையே காட்டி "ஊரே பேசுது பாருங்க"ன்னு மேலிடத்துல சொல்லும், அதைக் கேட்டு இன்னொரு நிருபர் எழுதுவான். செக்கு மாடு மாதிரி சுத்திச் சுத்தி 95 மார்ச்ல கேரளா முதல்வர் கருணாகரன் நாற்காலியே போயிடுச்சு (அவர் கட்சிக்குள்ள இருந்தவங்களே இதைப் பிடிச்சு ஆட்டினாங்க, அது தனிக் கதை).

96ல சிபிஐ இது பொய் கேஸ்னு ரிப்போர்ட் குடுத்தது. கேரளா கவர்ன்மென்ட் விடாம திரும்ப விசாரிக்கப் போச்சு, 98ல சுப்ரீம் கோர்ட் அதை அடிச்சுத் தூக்கிப் போட்டுச்சு. 2018ல 50 லட்சம், 2020ல கேரளா அரசு 1.3 கோடி. இது எல்லாம் யார் பணம்? உங்க பணம், என் பணம். அன்னிக்கு சர்குலேஷன் ஏத்தின பேப்பர் முதலாளி பாக்கெட்லேர்ந்து இதுல ஒரு பைசா வரல. அந்த மாலத்தீவுப் பொண்ணுங்க வருஷக் கணக்குல ஜெயில்ல இருந்தாங்க, அவங்களைப் பத்தி இன்னிக்கும் யாரும் பேசறதில்ல, உங்க லெட்டர்லயும் இல்ல. குத்தமா சொல்லல, கவனிச்சேன்.

டாக்டருக்கு இருக்கற மாதிரி எங்களுக்கு இல்லயான்னு கேட்டீங்க. பிரஸ் கவுன்சில் இருக்கு, 1978 சட்டம். எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதோட சரி. அபராதம் போட முடியாது, டிவி அதுக்குள்ள வரவே வராது. டிவிக்காரங்க தாங்களே ஒரு அமைப்பு வச்சிருக்காங்க, 2023ல அதோட அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம்தான். அந்த வருஷம் சுப்ரீம் கோர்ட்டே கேட்டுச்சு, அந்த ஷோல நீங்க சம்பாதிக்கறதுக்குத் தக்கன அபராதம் இருக்க வேணாமா, ஒரு லட்சத்துக்கு எவன் பயப்படுவான்னு. பிரைம் டைம்ல நாலு விளம்பரம் ஓடினா வந்துடாதா அந்தக் காசு.

அப்ப ஜெயில்தான் வழின்னு சொல்வீங்க. அங்கதான் நான் உங்ககூட வரமாட்டேன். 87ல ஆனந்த விகடன் அட்டைல ஒரு ஜோக் வந்துச்சு, பிக்பாக்கெட் மாதிரி இருக்கறவர் எம்எல்ஏ, முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கறவர் மந்திரின்னு. அதுக்கு சட்டசபைல ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் ஜெயில்னு தீர்மானம் போட்டு உள்ள தள்ளினாங்க, ஊரே சத்தம் போட்டதுல மூணு நாள்ல விட்டாங்க, அது தப்புன்னு ஹைகோர்ட் சொல்லி அவருக்கு ஆயிரம் ரூபா நஷ்டஈடு வர 94 ஆச்சு. சித்திக் காப்பன்னு கேரளா நிருபர், உத்தரப் பிரதேசத்துல ஹாத்ரஸுக்கு நியூஸ் எடுக்கப் போன வழியில 2020 அக்டோபர்ல பிடிச்சாங்க, வெளிய வந்தது 2023 பிப்ரவரில. பீகார் தொழிலாளிங்களை தமிழ்நாட்ல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்தினப்ப இங்க ஒரு யூடியூபர் மேல என்எஸ்ஏவே (தேசியப் பாதுகாப்புச் சட்டம்) போட்டாங்க, ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. வீடியோ பொய், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கற சட்டத்தை எடுத்து நீட்டினப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அந்தக் கம்பு யார் கைல இருக்குன்னு பாருங்க. நம்பி நாராயணன் விஷயத்துல பொய்யை அவுத்து விட்டதே காக்கிச்சட்டைதான், நாளைக்கு எது பொய் நியூஸ்னு முடிவு பண்ணப் போறதும் அதே காக்கிச்சட்டைதான்.

எனக்குத் தோணறது வேற ரெண்டு. பொய் எந்தப் பக்கத்துல எந்த சைஸ்ல யார் பேர்ல வந்துச்சோ மறுப்பும் அங்கயே அதே சைஸ்ல அதே பேர்ல வரணும். இன்னொண்ணு, இதுக்கு என் பழைய ஃப்ரெண்ட்ஸ் என்னை அடிக்க வருவாங்க, பொய்னு தெரிஞ்சே நம்மகிட்ட பொய் சொன்ன சோர்ஸ் பேரை வெளிய போடணும். சோர்ஸைக் காட்டிக் குடுக்கக் கூடாதுங்கறது உயிரைப் பணயம் வச்சு உண்மை சொல்றவனுக்காக வந்த தர்மம். நம்மளை வச்சு ஒரு அப்பாவி கழுத்தை அறுத்தவனுக்கு எதுக்கு அந்தப் பாதுகாப்பு? மொத போன் அடிக்கறதுக்கு முன்னாடியே அவன் ரெண்டு தடவை யோசிப்பான்.

இப்ப உங்க கடைசிக் கேள்வி. உண்டு. நான் பகுதி நேர நிருபரா இருந்தப்ப, தெரிஞ்ச எஸ்ஐ ஒருத்தர் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணி ரேஷன் கடைக்காரர் மண்ணெண்ணெயை பேரல் பேரலா கள்ள மார்க்கெட்ல வித்து மாட்டிக்கிட்டார்னு சொன்னாரு. பத்து மணிக்குள்ள டெஸ்குக்கு நியூஸ் போகணும். அந்த ஆளுக்கு ஒரு போன் போடல, தெரு எது, வயசு என்னன்னு மட்டும் எஸ்ஐகிட்டயே கேட்டுக்கிட்டேன். மூணாம் பக்கத்துல மேலயே வந்துச்சு. அப்புறம் பாத்தா பேரல் வேற கடையோடது, அந்த கடைக்காரருக்கும் எஸ்ஐக்கும் பழக்கம், இவரை மாட்டி விட்டிருக்காங்க. மூணு வாரம் கழிச்சு பதினோராம் பக்கத்துல டெண்டர் விளம்பரத்துக்கும் "காணவில்லை"க்கும் நடுவுல மூணு வரி "வருந்துகிறோம்". எழுதினது யாருன்னு அதுலயும் இல்ல.

அவர் என்னைத் தேடி வந்தாரு. சட்டைப் பைல ரெண்டு கட்டிங்கும் மடிச்சு வச்சிருந்தாரு. டீக்கடை மேஜைல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணு மேல கையை விரிச்சு வச்சு "இது ஒரு சாண்", இன்னொண்ணு மேல ஒரு விரலை வச்சு "இது ஒரு விரக்கடை தம்பி", அவ்வளவுதான் சொன்னாரு. திட்டவே இல்ல. டீக்கு காசு அவரே குடுத்துட்டுப் போனாரு.

அந்த எஸ்ஐ பேரை நான் அன்னிக்கும் எழுதல. போன வருஷம் ஒரு கல்யாண வீட்ல பாத்தேன், ரிட்டயர்டு ஆயிட்டாரு, தோள்ல கை போட்டு "சாப்ட்டியாடே"ன்னு கேட்டாரு. சாப்ட்டேன் சார்னு சொன்னேன்.