பெண்கள் சேலை அல்லது சுடிதார்தான் அணிய வேண்டும் என்ற அலுவலகத்தில் பேன்ட் சட்டையோடு வேலை பார்க்க முடியுமா?

முடியும். நான் பார்க்கிறேன். ஆனால் "அது உங்கள் உரிமை, போராடுங்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

புதிதாகச் சேர்ந்த ஆபீஸில் பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார் என்று விதி, சின்ன வயசிலிருந்தே பேன்ட் சட்டைதான் பழக்கம், வேலையை விடவும் முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர், வயசு எதுவும் சொல்லவில்லை. முதல் வேலை, வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள், நீங்கள் சட்டை போடுவதை அவர்களே அரை மனசோடுதான் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன்.

நான் பெண். திருநம்பி (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர்) அல்ல. கிராப்பு வெட்டியிருப்பேன், முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ. ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் இல்லை. சேலை கட்டினால் யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போய் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உடனே சேலையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். அம்மாவின் கோரா காட்டன் சேலைகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவதே நான்தான்.

கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பில்லிங்குக்கு என்று எடுத்துவிட்டு முதலில் குடோனில் போட்டார்கள். பெண்களுக்கு மெரூன் கலர் சிந்தெடிக் சேலை. முந்தானைக்குத் தோளில் ஒரு பின், கொசுவத்துக்கு இடுப்பில் ஒரு பின், மேலே ஒரு கோட்டு. தலையில் பூ கட்டாயம். என் கிராப்பில் பூ எங்கே நிற்கும்? சூப்பர்வைசர் அக்கா நல்லவர், அவர் வேலையை அவர் பார்க்க வேண்டுமே. ஹேர்பின்னோடு ஒரு பிளாஸ்டிக் பூவை வாங்கி வந்து என் காதுக்கு மேலே சொருகிவிட்டார். மத்தியானத்துக்குள் அது வேட்டிப் பண்டலுக்குள் விழுந்து, பண்டலோடு கீழ்த்தளத்துக்கு விற்பனைக்கே போய்விட்டது. யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாங்கிப் போயிருப்பார்கள்.

குடோனில் அலமாரிகள் கூரை வரை இருக்கும். ஏணியில் ஏறித்தான் பண்டலை இறக்க வேண்டும். சேலையோடு இறங்கும்போது கொசுவம் கால் விரலில் மாட்டும். கூட வேலை பார்த்த ஒரு பெண் அப்படித்தான் வழுக்கி விழுந்தாள். நல்ல வேளை, முழங்கை சிராய்ப்போடு போனது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஏணி வேலை பார்க்கும் பெண்களுக்கும் ஆண்களுக்குத் தரும் சீருடைத் துணியையே கொடுத்தால் விபத்து நடக்காது என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு அவள் விழுந்ததையும் எழுதினேன். என்னைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது.

துணி வந்தது. சாம்பல் கலரில் பேன்ட் பிட், வெள்ளையில் சட்டை பிட். மற்றவர்கள் அதைச் சுடிதாராகத் தைத்துக்கொண்டார்கள். நான் டெய்லரிடம் போனேன். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பட்டன் லேடீஸ் பக்கமா, ஜென்ட்ஸ் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். ஜென்ட்ஸ் என்றேன். மார்பில் டார்ட் (உடம்போடு ஒட்டப் பிடிக்கும் மடிப்புத் தையல்) வேண்டாம், தோளைக் குறுக்கிக்கொண்டு உடம்பில் இரண்டு விரல் லூஸ் விடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். ஊரில் என்னிடம் ஏன் என்று கேட்காத ஒரே மனிதர் அவர்தான்.

"உண்மையான காரணத்தை மறைத்து ஏணியைச் சொல்லி வாங்கியது கோழைத்தனம் இல்லையா?" என்று ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார். ஏணியும் உண்மைதான், விழுந்ததும் உண்மைதான். நான் எழுதிக் கொடுத்ததால் அந்தக் குடோனில் ஏழெட்டுப் பெண்கள் கால் தடுக்காமல் வேலை பார்த்தார்கள். வீட்டு வாடகை கட்டுகிறவளுக்குத்தான் எந்த வழியாகப் போவது என்று தெரியும்.

ஆனால் ஏணிக் காரணம் குடோன் வாசலோடு சரி. என்னைப் பில்லிங் கவுண்டருக்கு மாற்றிய அன்றே புது ஃப்ளோர் மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார். "இங்க ஏணி எங்கம்மா இருக்கு? நாளையில இருந்து சேலையில வந்துரு" என்றார். வீட்டுக்குப் போய் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படித்தேன். 'நிறுவனம் வழங்கும் சீருடையை அணிந்து பணிக்கு வர வேண்டும்' என்று ஒரே வரி. சேலை என்றும் இல்லை, பெண்கள் என்றும் இல்லை. மறுநாளும் அதே சட்டையில் போய், "நிறுவனம் வழங்கிய சீருடைதான் சார் இது, ஸ்டோர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கியது" என்றேன். முறைத்துக்கொண்டே மேலே போனார்.

மேலே இருந்த ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு, "கஸ்டமர் என்ன நினைப்பாங்க?" என்றார். கஸ்டமர் என்ன நினைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஜவுளி எடுக்கப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, "தம்பி, பில்லைச் சீக்கிரம் போடு கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நான் தொகையைச் சொன்னதும் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். "அட, புள்ளையா நீயி? சரி சாமி, போடு." இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு பஸ்தான் கவலை.

ஹெச்.ஆர். மேடத்திடம் ஏணிக் கதை சொல்லவில்லை. "இந்த உடையில்தான் மேடம் எனக்கு நிம்மதியாக வேலை ஓடுகிறது. கேஷ் டேலி ஆகாமல் போயிருந்தால் சொல்லுங்கள்" என்றேன். ஆகாமல் போனதில்லை என்று அவருக்கும் தெரியும். "பார்க்கலாம், போ" என்றார். அனுமதி என்று எழுத்தில் கடைசி வரை தரவில்லை. தடுக்கவும் இல்லை. இப்போது வேறு இடத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இங்கே இன்டர்வியூவுக்கே சட்டையில்தான் போனேன், பிறகு யாரும் கேட்கவில்லை.

சரி, சட்டம். 2014 ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தை உடை, பேச்சு, நடத்தை வழியாக வெளிப்படுத்துவதும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொன்னது. படிக்கத் தெம்பாக இருக்கும். ஆனால் அது திருநர் உரிமை வழக்கு, அந்தப் பிரிவும் முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளி முன்னால் நீட்டினால் மேஜையில் வைத்துவிட்டுப் போ என்பார். 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து வேலையில் பாகுபாடு கூடாது என்றது, ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நீங்கள் திருநம்பி என்றால் அந்த வழி உங்களுடையது. என்னைப் போலப் பெண்ணாக இருந்துகொண்டே சட்டை போடுகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் உடையைச் சாக்காக வைத்து உங்கள் உடம்பைப் பற்றி யாராவது கேவலமாகப் பேசினால், அது 2013-ம் வருஷத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

அரசு வேலை என்றால் இன்னும் சிக்கல். 2019-ல் நம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவில் பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டை பேன்ட் அல்லது வேட்டி. வடக்கிலிருந்து வந்த சுடிதார் இன்று கண்ணியமான உடையாகிவிட்டது. டீச்சர்கள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவதே சண்டையாக இருந்ததை இதற்குள் மறந்துவிட்டோம். சட்டை மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது.

நிற்பது என்றதும் ஞாபகம் வருகிறது, இதை எழுதாமல் போக முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்க வேண்டும். கேரளத்தில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி 2018-ல் சட்டம் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்களுக்கு இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. கவுண்டருக்கு அடியில் கவர் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிடுவார்கள். என் சட்டையைப் பார்த்து "கடைக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா" என்ற அதே வாய்கள், அந்த ஸ்டூல் விஷயத்தில் ஒழுங்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கூட நின்ற அக்காமார்களுக்கு நரம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்திருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாயால் சொன்ன விதியை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்டரையும் ஹேண்ட்புக்கையும் எடுத்து, உடை பற்றி என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். 'ஃபார்மல்ஸ்' என்று மட்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'பெண்கள்: சேலை, சுடிதார்' என்று அச்சிலேயே இருந்தால், புரொபேஷன் முடியும் வரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் குர்தாவையே காலர் வைத்து முழுக்கையாகத் தைத்து, கீழே நேரான பேன்ட் போட்டு ஓட்டலாம். துப்பட்டாவை ஒரு தோளில் மடித்துப் பின் குத்திவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். பொறுக்க முடியாது என்றால் அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், வேறு இடம் தேட ஆரம்பியுங்கள், ஆனால் ஆஃபர் கையில் வரும் வரை இதை விடாதீர்கள். வேலை நிரந்தரமான பிறகு கேளுங்கள், மேலதிகாரியிடம் தனியாக, மெயிலில். நீங்கள் யார், எதற்கு இப்படி என்றெல்லாம் அதில் விளக்க வேண்டியதில்லை. எதைப் போட்டுக்கொண்டு வரப்போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்: முழுக்கைச் சட்டை, இன்ன கலர், டக் இன் செய்து, கறுப்பு ஷூ. பதில் வரவில்லை என்றால் அதே உடையில் போய் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள், மெயிலின் நகலை வீட்டு ஐ.டி.க்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.