நெடுந்தீவுக்குக் குழந்தையோடு

அன்புள்ள ஐயா,

நாங்கள் டொராண்டோவில் வசிக்கிறோம். வரும் பங்குனியில் யாழ்ப்பாணம் வருகிறோம். மாமனாரின் அக்கா குடும்பம் நெடுந்தீவில் இருக்கிறது. என் கணவர்கூட அவர்களை நேரில் கண்டதில்லை. மகனுக்கு ஒன்றரை வயது. “பச்சைப்பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகாதே” என்கிறார் மாமியார். காலையில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம், பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் நாங்களே கொண்டுபோகலாம் என்று யோசிக்கிறோம். அவர்கள் மனம் நோகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

போங்கள். ஆனால் அன்றைக்கே திரும்பும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை புதிய முகங்களைக் கண்டால் முதலில் உங்கள் தோளில்தான் முகத்தைப் புதைக்கும். அது மெல்ல இறங்கி முற்றத்துக் கோழியைத் துரத்தத் தொடங்கும்போது நீங்கள் பிற்பகல் படகுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். இத்தனை வருடம் காத்திருந்த உங்கள் மாமனாரின் அக்காவுக்கு, அதாவது உங்கள் கணவரின் மாமிக்கு, அது போதாது. குறைந்தது இரண்டு இரவாவது அந்த வீட்டில் தங்குங்கள். குதிரைகள், பெருக்கமரம் (பாவோபாப்), கோட்டை எல்லாவற்றையும் நடுவில் ஒரு காலையில் பார்த்துவிடலாம். அந்தக் குதிரைகள் யாரும் கட்டி வளர்க்காத கட்டாக்காலிகள் என்பதால் பிள்ளையை அருகில் விட வேண்டாம்.

பங்குனி நல்ல மாதம். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று தொடங்குவதற்கு முன் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு மணிநேரம் அளவில் கடற்பயணம். குமுதினிப் படகோ வடதாரகைப் படகோ, அன்று எது எப்போது ஓடுகிறது என்பதை முதல் நாளே மாமி வீட்டாரிடம் தொலைபேசியில் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அட்டவணைக்கும் தெரியாது. நயினாதீவுக்கும் அதே துறையிலிருந்துதான் படகு என்பதால் போயா (பௌர்ணமி) நாளிலும் வாரஇறுதியிலும் கூட்டம் நெரியும். குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உங்கள் ஊரிலேயே வாங்கி, வீட்டில் இரண்டு மூன்று தடவை போட்டுப் பழக்குங்கள். பழகாத பிள்ளை படகில் அதைப் போட விடாது.

தண்ணீர் விஷயம்தான் உங்கள் கேள்வியில் முக்கியமானது. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எல்லாக் கிணற்றிலும் இல்லை. பல கிணறுகள் உவர். வெயில் ஏற ஏற நிலைமை இன்னும் கடினமாகும். குடிநீரைத் தூரத்திலிருந்து கொண்டுவரும் வீடுகள் உண்டு. அப்படிக் கொண்டுவந்த நீரைத்தான் செம்பில் உங்கள் முன் நீட்டுவார்கள். நீங்கள் பெரியவர்கள், அதை வாங்கிக் குடியுங்கள். பிள்ளைக்கு மட்டும் போத்தல் தண்ணீரையோ, கொதிக்கவைத்து ஆறவைத்ததையோ கொடுங்கள். “டொக்டர் சொல்லியிருக்கிறார், மாமி” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் மனம் நோகாது. பிள்ளை வளர்த்த பெண்களுக்கு இது புரியாதா? போத்தலை ஒளித்து வைத்துக் கொடுத்தால்தான் நோகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கனடாப் பழக்கத்தில் பிள்ளையைத் தினமும் வாளி வாளியாகக் குளிப்பாட்டாதீர்கள். அரை வாளியும் ஈரத்துணியும் தாராளம்.

சாப்பாடு கொண்டுபோக வேண்டாம். அந்த வீட்டுக் குத்தரிசிக் கஞ்சி, புட்டு, அவித்த முட்டை, நன்றாகக் காய்ச்சிய பால் எல்லாமே பிள்ளைக்கு ஆகும். ஒடியல் கூழ் உறைப்பு, அது உங்களுக்கு. சமைத்ததற்குப் பதிலாகக் காய்கறியும் பழமும் யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கி ஒரு பை நிறையக் கொண்டுபோங்கள். அங்கே இவற்றில் பெரும்பகுதி படகேறித்தான் வருகிறது. சொக்லேட் பெட்டியைவிட அந்தப் பை வீட்டுக்கு உதவும். மாமனாரின் பழைய படங்கள் இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். அக்காவுக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. தீவில் அரச வைத்தியசாலை உண்டு, ஆனால் கடுமையான நோய் என்றால் யாழ்ப்பாணத்துக்குக் கடல் கடந்துதான் கொண்டுவர வேண்டும். ஆகவே வெப்பமானி, காய்ச்சல் பாணி மருந்து, வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். புறப்படும் அன்று பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதற்காகவே உங்கள் நாட்களில் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

அந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் இருக்கலாம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளையும் விடவில்லை. அந்தத் தலைமுறைக்கு “பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகாதே” என்பது வெறும் சொல் அல்ல. நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கும்போது நினைவிடத்தைக் காண்பீர்கள். மாமி வீட்டில் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, சொல்லி முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளை அழுதால் கணவர் வெளியே தூக்கிப் போகட்டும்.

அயல் வீட்டுப் பெண்கள் வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வார்கள், கன்னத்தைத் தடவுவார்கள், யாரைப் போல இருக்கிறான் என்று விவாதிப்பார்கள். இரவில் உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டு நாவூறு (கண்ணூறு) கழிப்பார்கள். புகை முகத்தில் படாத தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதற்கு இடம் கொடுங்கள்.

முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். யாரை மாமி என்பது, யாரைப் பெரியம்மா என்பது என்று உங்கள் கணவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். தன் மச்சாளை மாமியாரும் ஒரு தடவை பார்க்கட்டும்.