கேஜன் இசையின் பழைய பதிவுகளில் அக்கார்டியன் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் இசை என்றாலே அக்கார்டியன் (துருத்தியை இழுத்து, பொத்தானை அழுத்தி வாசிக்கும் பெட்டி) என்கிறார்கள். 1930களின் இசைத்தட்டுகளில் ஃபிடிலும் (வயலின்தான்) கிட்டாரும்தான் கேட்கிறது. ஏன்? எதில் ஆரம்பிக்கலாம்?

நானும் இதே இடத்தில் முழித்தவன்தான். ஒரு ராத்திரி யூடியூபில் ஹேக்பெர்ரி ராம்ப்ளர்ஸ் என்ற 1930களின் கேஜன் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இதோ வரும், அதோ வரும் என்று அக்கார்டியனுக்காகக் காத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் பாட்டே முடிந்துவிட்டது. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், ஒரு ஃபோர்டு காரின் எஞ்சினைத்தான் முதலில் கைகாட்டுவேன்.

கொஞ்சம் முன்னால் போகலாம். 1755இல் கனடாவின் அகாடியாவிலிருந்து பிரிட்டிஷார் விரட்டியடித்த பிரெஞ்சுக்காரர்களின் வாரிசுகள்தான் கேஜன் மக்கள். அவர்களுக்கு ஃபிடில்தான் மூத்த வாத்தியம். அக்கார்டியன் பிறகு வந்து சேர்ந்தது. ஆனால் சத்தம் அதிகம். மைக் இல்லாத காலத்தில், மரத்தரையில் நூறு பேர் கால் தேய்த்து ஆடும் கூடத்தில், கடைசி வரிசை வரை கேட்டது அதுதான். ஃபிடில் பக்கவாத்தியம் ஆகிவிட்டது. போதாததற்கு அக்கார்டியனின் ஸ்ருதிக்கு ஏற்ப ஃபிடில்காரர்கள் தங்கள் தந்திகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. பத்துப் பொத்தான் பெட்டியில் எல்லா ஸ்வரமும் கிடையாது. அது எதை வாசிக்குமோ அதுதான் பாட்டு.

1928 ஏப்ரலில் ஜோ ஃபால்கனும் கிளியோமா ப்ரோவும் நியூ ஆர்லியன்ஸில் கொலம்பியா கம்பெனிக்குப் பதிவு செய்த முதல் கேஜன் இசைத்தட்டிலும் அக்கார்டியனும் கிட்டாரும்தான். அதே ஆண்டு அக்டோபரில் லியோ சுவாலோ என்ற ஃபிடில்காரர், அக்கார்டியன் வாசிக்கும் மாயஸ் லாஃப்ளரோடு அட்லாண்டா போய்ப் பதிவு செய்தார். சில நாட்களிலேயே லாஃப்ளரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1935இல் இதே சுவாலோ த்ரீ ஏசஸ் என்ற குழுவோடு இசைத்தட்டுக்குத் திரும்பினார்: ஃபிடில், கிட்டார், கூடவே டிரம். அக்கார்டியனைக் காணோம். ஏழே வருடத்தில் ஒரே ஆளின் இசை எப்படி மாறியது என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டாலே புரிந்துவிடும்.

இடையில் நடந்தது எண்ணெய். எண்ணெய் வயல் வேலையை நம்பி டெக்சாஸ் பக்கத்து ஆட்கள் வந்தார்கள், ரேடியோவில் வெஸ்டர்ன் ஸ்விங் (நாட்டுப்புறப் பாட்டும் ஜாஸும் கலந்த நடன இசை) வந்தது, இளைஞர்களுக்கு அந்த வேகம் பிடித்துப்போனது. ஹேக்பெர்ரி ராம்ப்ளர்ஸின் லூடரின் டார்போன் எண்ணெய் வயல் தொழிலாளியின் மகன். தபால் வழிப் பாடத்தில் ஃபிடில் கற்றவர். 1933இல் எட்வின் டூவானோடு குழுவைத் தொடங்கினார். அவர் வாங்கிய ஒலிபெருக்கிக்குக் கிராமத்துக் கூடங்களில் கரண்ட் இல்லை. தன் ஃபோர்டு காரைக் கூடத்தை ஒட்டி நிறுத்தி, ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரம் எடுத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். உள்ளே வால்ட்ஸ், வெளியே எஞ்சின் உறுமல். சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும் என்றான பிறகு அக்கார்டியனின் ஒரே பெரிய தகுதி போய்விட்டது. ஃபிடில் மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

எதில் ஆரம்பிப்பது? ஒரே மெட்டை மூன்று பதிவுகளில் கேளுங்கள். 1929இல் கிளியோமா ப்ரோ தன் அண்ணன் தம்பிகளோடு பதிவு செய்த 'மா பிளோன் ஏ பார்த்தி': அக்கார்டியன் இழுக்க, குரல் அடித்தொண்டையிலிருந்து அழுகிறது. 1936இல் ஹேக்பெர்ரி ராம்ப்ளர்ஸ் அதையே 'ஜோலி பிளோன்' என்ற பெயரில் வாசித்தார்கள். பாட்டுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது. 1946இல் ஹாரி சோட்ஸ் என்ற ஃபிடில்காரர் ஹூஸ்டனின் கோல்ட் ஸ்டார் கம்பெனிக்கு வாசித்தது மூன்றாவது. சோகப் பாட்டின் நடுவே உற்சாகமாகக் கூவுகிறார். முதல் தடவை கேட்டபோது எரிச்சலாக இருந்தது, இப்போது அந்தக் கூவலுக்காகவே போடுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள், ஃபிடில் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளில் உரசுவது தெரியும். ஒன்று மெட்டு, இன்னொன்று கிட்டத்தட்ட நம் தம்புரா வேலை.

மைக்கே வராத காலத்து ஃபிடில் எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமானால் டென்னிஸ் மகீயும் சேடி கூர்வில்லும் 1929இல் வாசித்த இரட்டை ஃபிடில் பதிவுகள் இருக்கின்றன. அதற்குப் பொறுமை வேண்டும், முதல் நாளே போகாதீர்கள்.

அக்கார்டியன் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1948இல் ஐரி லெஜூன் என்ற அக்கார்டியன்காரர் அதை இசைத்தட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இன்று நாம் 'அசல் கேஜன்' என்று நினைப்பது பெரும்பாலும் அந்த மறுவருகைக்குப் பிந்தைய ஒலிதான்.

தேடும்போது ரிவர்சைட் ராம்ப்ளர்ஸ் என்றும் போட்டுப் பாருங்கள். அதுவும் ஹேக்பெர்ரி ஆட்கள்தான். ஆங்கிலப் பாட்டுகளுக்கு மட்டும் அந்தப் பெயர். ரிவர்சைட் என்பது அவர்கள் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்த கடை விற்ற டயரின் பெயர்.