கணினிக் கேள்வி பதில்: ஹோமா, புரோவா?

கேள்வி: எங்கள் மகள் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருப்பதால் மடிக்கணினி வாங்கவிருக்கிறோம். அது விண்டோஸ் 11 ஹோம் பதிப்போடு வருகிறது. மேலும் மூவாயிரம் ரூபா தந்தால் புரோ போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். சம்மாந்துறையிலுள்ள எங்கள் அரிசி ஆலைக் கணினியை வீட்டிலிருந்தே திறந்து கணக்குப் பார்க்க என் கணவரும் விரும்புகிறார். எதை வாங்குவது? (வாசகி, கல்முனை)

பதில்: மகளுக்கு ஹோம் தாராளமாகப் போதும்; புரோ தேவைப்படுவது ஆலைக் கணினிக்கே. புரோ போட்டால் கணினி வேகமாக ஓடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். ஹோம் 128 ஜீபீ வரை நினைவகத்தை (ராம்) ஏற்கும்; மாணவர்கள் வாங்கும் மடிக்கணினிகளில் இருப்பதோ பெரும்பாலும் 8 அல்லது 16 ஜீபீ. கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் ஹைப்பர்-வி போன்ற வசதி பின்னர் படிப்புக்குத் தேவைப்பட்டால், கோப்புகள் அழியாமலே மைக்ரோசொப்ட் ஸ்டோர் வழியாகப் புரோவுக்கு மாறலாம். அமெரிக்காவில் அதன் விலை 99 டொலர் என்றிருக்க, மூவாயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் உரிமக் குறியீடு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஆலை விடயத்தில் பலர் தடுமாறுவது, எந்தக் கணினிக்குப் புரோ என்பதில்தான். தொலைவிலுள்ள கணினியை இங்கிருந்தே இயக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் முறையில், வீட்டில் உங்கள் கணவர் முன்னால் இருக்கும் கணினி ஹோமாகவே இருக்கலாம். வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்று உள்ளே விடும் ஆலைக் கணினி மட்டுமே புரோவாக இருக்க வேண்டும். ஆனால் அதற்காக ரவுட்டரில் 3389 என்ற வாசலை இணையத்துக்குத் திறந்துவைக்க எவராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் அந்த வாசலைத் தேடிக் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. இணையத்தினூடே பிறர் நுழைய முடியாத தனிப்பாதை போடும் வீபீஎன் ஒன்றை அமைத்து, அதனூடாக இணைவதே முறை. இதே வேலையைச் செய்யும் எனிடெஸ்க் போன்ற செயலிகள் ஹோமிலும் வேலை செய்யும் என்றாலும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அவற்றுக்கும் கட்டணம் உண்டு.

பதிப்பைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மடிக்கணினி பேருந்தில் தொலைந்தாலும் தரவு பிறர் கைக்குப் போகாதபடி பூட்டும் சாதனக் குறியாக்கம், ஆதரிக்கும் கணினிகளில் ஹோமிலும் உண்டு; விண்டோஸின் குறியாக்கக் கருவியான பிட்லொக்கரின் முழு வசதிகள்தான் புரோவுக்குரியவை. அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புக் குறியீடு, கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரர் தமது கணக்கிலேயே அமைத்துக் கொடுத்தால் சாவி அவரிடமே தங்கிவிடும். ஆகவே கணக்கை மகளின் மின்னஞ்சலில் திறக்கச் செய்து, குறியீட்டை அச்சிட்டு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: என் கணினியில் விண்டோஸைத் தமிழில் காட்டச் செய்ய முடியவில்லை. புரோ வாங்க வேண்டுமா? (வாசகர், ஏறாவூர்)

பதில்: அமைப்புகளில் 'சிஸ்டம்', 'அபௌட்' பகுதிகளைப் பாருங்கள். 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்றிருந்தால், காட்சி மொழியை மாற்ற அந்தப் பதிப்பு இடம் தராது. புரோவுக்கு மாறினால் முடியும். தமிழில் தட்டச்சு செய்வது மட்டுமே நோக்கமென்றால் செலவு வேண்டாம், தமிழ் விசைப்பலகையை எல்லாப் பதிப்புகளிலும் சேர்த்துக்கொள்ளலாம்.