அமெரிக்காவில் ஆட்குறைப்பு: லாஸ்பேட்டைக்கு வரும் பென்ஷன் என்ன ஆகும்?

கேள்வி: 14 ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன் நான். வயது 70. இந்தியக் குடிமகன். அங்கே சேர்ந்த சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் அமெரிக்க வங்கிக் கணக்கில் மாதந்தோறும் விழுகிறது. சென்ற ஆண்டு கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு தொகை கால்பங்கு குறைந்துவிட்டது. நான் வாழ்ந்த, இப்போது என் மகன் வசிக்கும் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், அரசு அலுவலகங்களில் ஆட்களைக் குறைப்பதை மனதார ஆதரிக்கிறார். "முதியோர் பணத்தில் யாரும் கை வைக்கவில்லை" என்றும் சொல்கிறார். அவர் பேச்சை நம்பலாமா? எனக்குப் பின் என் மனைவிக்குப் பணம் வருமா? நான் இப்போது என்ன செய்து வைக்க வேண்டும்?
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்:

முதலில் அந்தக் கால்பங்கைப் பார்த்துவிடுவோம். அதற்கும் ஆட்குறைப்புக்கும் தொடர்பே இல்லை. கிரீன் கார்டு கையில் இருந்தவரை வரி விஷயத்தில் நீங்கள் அமெரிக்கவாசி. அதைக் கொடுத்த நாளிலிருந்து வெளிநாட்டவர். வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கு ஓய்வூதியத்தின் 85 விழுக்காட்டுக்கு 30 விழுக்காடு வரி. பெருக்கிப் பார்த்தால் 25.5 விழுக்காடு. ஆயிரம் டாலருக்கு 255 டாலரை முன்னதாகவே பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் 1042எஸ் என்ற அறிக்கையில் இந்தப் பிடித்தம் இருக்கும், தேடிப் பாருங்கள். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி இந்தப் பணத்துக்கு வரி போடும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டுமே உண்டு. உங்கள் ஆடிட்டர் இதை இங்குள்ள வருமானத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால், 20-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த உறுப்பினர். அவர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. நீங்கள் எத்தனை ஆண்டு சம்பாதித்தீர்கள், எவ்வளவு சம்பாதித்தீர்கள், எந்த வயதில் வாங்கத் தொடங்கினீர்கள் என்பதை வைத்து உங்கள் தொகையைச் சட்டம் கணக்கிடுகிறது. அலுவலகத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. ஆட்குறைப்பு நடந்த பிறகும் 2026-க்கான விலைவாசி ஈட்டு உயர்வாக 2.8 விழுக்காடு சேர்ந்திருக்கிறது. ஆனால் சட்டம் தருகிற பணத்தை உங்கள் கணக்குக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு கோப்பு. அந்தக் கோப்பு சிக்கிக்கொண்டால் அவிழ்த்துவிட ஓர் ஆள் வேண்டும். அவர்கள் குறைத்திருப்பது அந்த ஆளை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு, அரசுச் செயல்திறனுக்கென்று ஒரு துறையை உத்தரவு போட்டு உருவாக்கினார். டோஜ் என்று செய்திகளில் அடிபட்டது அதுதான். எலான் மஸ்க் அதன் முகமாக இருந்தார். பிப்ரவரி இறுதியில், உங்கள் சோஷியல் செக்யூரிட்டிப் பணத்தைக் கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், ஏறத்தாழ 57,000 ஊழியர்களை 50,000 ஆகக் குறைப்பதாகவும், 10 மண்டல அலுவலகங்களை நான்காகச் சுருக்குவதாகவும் அறிவித்தது. மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு: தொலைபேசியில் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளும் வழக்கம் நிற்கும், இணையத்தில் முடியாதவர்கள் நேரில் வர வேண்டும். அதாவது ஆளையும் குறைத்து, ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டியவர்களின் எண்ணிக்கையையும் கூட்டுவது. முதியோர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஏப்ரலில் பெருமளவு பின்வாங்கினார்கள்.

காரணமாகச் சொல்லப்பட்டது மோசடி. 150 வயதுக்காரர்கள் பென்ஷன் வாங்குகிறார்கள் என்ற பேச்சு நம் ஊர் வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. உண்மை இவ்வளவுதான்: 1920-லோ அதற்கு முன்போ பிறந்தவர்களில் 1 கோடியே 89 லட்சம் பேருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்களில் இறப்புத் தேதி ஏறவில்லை என்று அந்த நிர்வாகத்தின் தணிக்கை அதிகாரியே 2023-இல் எழுதியிருந்தார். அவர்களில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினருக்குப் பணம் எதுவும் போகவில்லை. 115 வயதைத் தாண்டினால் கணினி தானாகவே பணத்தை நிறுத்தும் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. தவறாகக் கொடுக்கப்பட்ட தொகை இல்லாமல் இல்லை. 2015 முதல் 2022 வரை 7,180 கோடி டாலர். பெரிய எண்தான். ஆனால் கொடுத்த மொத்தத்தில் அது ஒரு விழுக்காடுகூட இல்லை. அந்தத் தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதும் ஊழியர்கள்தான் என்பதை உங்கள் உறுப்பினர் யோசித்தாரா என்று தெரியவில்லை. இந்தத் திட்டத்தின் மொத்தச் செலவில் நிர்வாகச் செலவு அரை விழுக்காடு அளவே. அதை எவ்வளவு சுரண்டினாலும் பெரிதாக மிஞ்சப் போவதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கடைகளை மூடிவிட்டு, அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்ட ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். காகிதத்தில் யாருடைய உரிமையும் குறையவில்லை. தெருமுனைக் கடையில் பையோடு நின்ற பாட்டி, பணம் ஏறிவிட்டதா என்று கேட்க வங்கி வாசலுக்கு நடக்க வேண்டியிருந்தது. 2024-இல் கடைகளை மீண்டும் திறந்தார்கள்.

உங்களுக்கு வருகிறேன். ஆள் குறைந்த அலுவலகத்திடம் ஓய்வூதியம் வாங்குபவர், தன் கோப்பு யார் கையையும் எதிர்பார்க்காதபடி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் முதலாவது எஸ்.எஸ்.ஏ.-7162 என்ற படிவம். வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியக்காரர்களுக்கு இதைத் தபாலில் அனுப்புவார்கள். பலருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சிலருக்கு ஆண்டுதோறும். உயிரோடிருக்கிறீர்களா, முகவரி மாறியதா, குடியுரிமை மாறியதா, வேலை பார்க்கிறீர்களா என்பவைதான் கேள்விகள். பூர்த்தி செய்து அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். நம் ஊரில் 'சொல்தா' வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் தாத்தா ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அனுப்பும் வைபவம், அந்த வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் போல. கடல் கடந்து வரும் பணத்துக்கு அந்த ஒழுங்கு வேண்டும்.

படிவத்துக்குப் பதில் எழுதாமல் பணத்தை இழந்தவர்களைவிட, படிவமே கைக்கு வராமல் இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முத்தியால்பேட்டையில் ஒரு பெரியவர். வாடகை வீடு மாறியவர் முகவரியை மாற்றவில்லை. படிவம் பழைய வீட்டுப் படிக்கட்டில் மழையில் ஊறிக் கிடந்தது. அவருக்குத் தெரிய வந்தபோது இரண்டு மாதப் பணம் வரவில்லை. விடுபட்டது மொத்தமாகத் திரும்பக் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அதற்குள் மருந்துக் கடையில் கடன் ஏறிவிட்டது. ஆகவே கோடைக்காலம் முழுவதும் தபாலைக் கவனியுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நிரப்பிய படிவத்தை நகல் எடுத்து, கண்காணிப்பு எண்ணோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நகலோடு குத்தி வையுங்கள். "வரவில்லை" என்று அவர்கள் சொன்னால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுச் சீட்டு.

ஏதாவது சிக்கல் என்றால் சென்னைக்கு பஸ் ஏறி, ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் துணைத் தூதரக வாசலில் நிற்காதீர்கள். இந்தியாவில் வாழும் சோஷியல் செக்யூரிட்டிக்காரர்களின் வேலையைக் கவனிப்பது பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் உள்ள தூதரகப் பிரிவு. மின்னஞ்சலில் எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே எல்லா விவரத்தையும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்டு, நீங்கள் பதில் எழுதி, அது மறுபடி வரிசையில் நிற்க நேர்ந்தால் மாதங்கள் ஓடும்.

இணையக் கணக்கை இன்னும் திறக்கவில்லை என்றால், அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போகும்போது திறந்துவிடுங்கள். அமெரிக்கத் தொலைபேசி எண் கையில் இருக்கும்போது அது பாதி வேலை. வங்கிக் கணக்கைத் தூங்கவிடாதீர்கள். பணம் விழுந்துகொண்டே இருந்தாலும், நீங்கள் எதுவும் எடுக்காமல் நீண்ட காலம் விட்டால் செயலற்ற கணக்காகப் பார்க்கும் வங்கிகள் உண்டு. அப்படியே, முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பார்ட் பி-க்காக மாதந்தோறும் பிடித்தம் போகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு அது பொதுவாகப் பணம் தராது.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கேள்வியில் இதுதான் கனமானது. ஆட்குறைப்பு நேராக உறைக்கக்கூடிய இடமும் இதுதான். உங்கள் ஓய்வூதியம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர், தானாக வரும். உங்கள் மனைவி வாங்கப் போவது புதிய விண்ணப்பம். வாழ்க்கைத் துணை இறந்த பின் கேட்கும் ஓய்வூதியத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வழியில்லை. தொலைபேசியிலோ நேரிலோ ஓர் ஊழியரிடம்தான் போக வேண்டும்.

அதற்கு முன் தகுதி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மனைவி வெளிநாட்டில் இருந்தபடி வாங்க வேண்டுமானால், உங்கள் மனைவியாக அவர் அமெரிக்காவில் குறைந்தது 5 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் 14 ஆண்டுகளில் அவர் எத்தனை ஆண்டு உடன் இருந்தார்? மாமியார் உடல்நிலை, பிள்ளையின் பிளஸ் டூ என்று பலர் நடுவில் ஊர் திரும்பியிருப்பார்கள். எண்ணிப் பாருங்கள். 5 ஆண்டு நிரம்பியிருந்தால் அதை நிரூபிக்கும் பழைய பாஸ்போர்ட்டுகள், வரித் தாக்கல் நகல்கள், வாடகை ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டைக் குப்பையில் போடுவது நம் வீடுகளில் நடக்கும் காரியம். அந்தக் கப்பல் முத்திரைகளும் விமான முத்திரைகளும்தான் நாளைக்கு அவருக்குப் பேசும்.

அடுத்தது பெயர். ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், ரேஷன் கார்டில் வெறும் பெயர். நமக்கு ஒரே ஆள். அமெரிக்க ஊழியருக்கு மூன்று ஆட்கள். நேரமுள்ள ஊழியர் கேட்டுத் தெரிந்துகொள்வார், நேரமில்லாதவர் திருப்பி அனுப்பிவிடுவார். இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள். கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யவில்லையென்றால் அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். 70 வயதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மாலையில்லாமல் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மனைவிக்கும் மகனுக்கும் சொல்லி வையுங்கள். இந்த ஓய்வூதியம் ஒரு மாதம் முடிந்து மறு மாதம் வருவது. ஒருவர் இறந்த மாதத்துக்கான பணம் அவருக்குக் கிடையாது. அது வங்கியில் விழுந்துவிட்டால் எடுக்கக் கூடாது, திருப்பிக் கேட்பார்கள். உழவர்கரை நகராட்சியின் இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் மணிலாவுக்குத் தெரிவித்து, அதே கடிதத்தில் மனைவியின் விண்ணப்பத்தைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும்.

உங்கள் தொகையைச் சட்டம் கணக்கிடுகிறது என்றேன். அந்தச் சட்டம் தரும் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பல்கேரியாவிலிருந்து வந்து 19 ஆண்டுகள் அமெரிக்காவில் வரி கட்டிய நெஸ்டர் என்பவர் 1956-இல் நாடு கடத்தப்பட்டபோது அவருடைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. 1960-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது ஒப்பந்த உரிமையல்ல, காங்கிரஸ் மாற்றலாம் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. சட்டம் எதுவும் மாற்றாவிட்டால் 2033-இல் ஓய்வூதிய நிதியின் சேமிப்பு தீரும், அதன்பின் வரும் வரியை வைத்து 77 விழுக்காடுதான் தர முடியும் என்று அந்த நிதியின் அறங்காவலர்கள் 2025 அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஊழியர்களைக் குறைத்து அடைக்கக்கூடிய பள்ளம் அல்ல அது. அப்போது உங்களுக்கு 77 அல்லது 78 வயது இருக்கும். வீட்டுக் கணக்கைப் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் உறுப்பினர் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவருடைய தொகுதி அலுவலகத்திலும், மக்களுக்காக அரசு நிறுவனங்களிடம் விசாரிப்பதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் அலுவலகத்தில் ஆள் குறையக் குறைய இவர்கள் மேசையில் கோப்பு கூடும். ஆட்குறைப்பை ஆதரிப்பவரின் அலுவலகமும் இதற்கு விலக்கல்ல. உங்கள் கோப்பு மணிலாவிலும், நிர்வாகத்தின் தலைமையகம் இருக்கும் பால்டிமோரிலும் அசையாமல் நின்றால், உங்கள் மகன் அந்தத் தொகுதியின் வாக்காளர் என்ற முறையில் போய்க் கேட்கலாம். உங்கள் விவரங்களை அவர்கள் பார்க்க உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் கேட்பார்கள். அந்தப் படிவத்தை உறுப்பினரின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். உங்களுக்கு ஒன்று, உங்கள் மனைவிக்கு ஒன்று.